பயண உதவிப் பிரிவு

அந்த அறை வாசலில் முன்பு 'வெளியேற்றப் பிரிவு' என்ற பலகை தொங்கியது. அதைப் படித்ததுமே வருகிறவர்களுக்கு முகம் வெளிறிவிடுகிறது என்று சொல்லி, 'பயண உதவிப் பிரிவு' என்று மாற்ற வைத்தவர் நம் குமாஸ்தாதான். பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைத்தது. ஆபீசில் அவருக்குச் 'சர்க்கரைவாய்' என்று பெயர்.

இந்த நாட்டில் இருக்க அனுமதி முடிந்தவர்கள் அவர் எதிரே வந்து உட்காருவார்கள். துரத்துவது என்ற சொல்லே அவர் வாயில் வராது. ஊர்ப் பயணம் என்பார். விமான டிக்கெட் எங்கள் செலவு என்பார். ஜன்னல் சீட்டுக்கு நான் பொறுப்பு, ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள் என்பார். அழ வந்தவர்களும் சிரித்துவிடுவார்கள். சிரித்த கையோடு, 'சொந்த விருப்பத்தில் போகிறேன்' என்ற படிவத்தில் கையெழுத்து விழுந்துவிடும்.

அன்று காலை அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வந்தது டீக்கார அக்கா. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்தவரின் பெயரே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. வழக்கம்போல டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

குமாஸ்தா படிவத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அக்காவுக்கே பாவமாகிவிட்டது.

"சிரமப்படாதீங்க சார், எனக்கு மனப்பாடம்."

ஊர்ப் பயணம், டிக்கெட், ஜன்னல் எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் அக்காவே ஒப்பித்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்தவும் செய்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பொண்ணு ஏழாவது படிக்கிறா சார். ஏம்மா போறோம்னு கேட்டா என்ன சொல்றது? நீங்கதான் பதமா சொல்வீங்களே. ஒரு வார்த்தை சொல்லுங்க."

குமாஸ்தா கைவசம் இருந்ததையெல்லாம் புரட்டிப் பார்த்தார். பயணம் என்றால், எப்போது திரும்பி வருவோம் என்று அந்தப் பெண் கேட்பாள். விருப்பம் என்றால், அம்மாவை வெறுத்துவிடுவாள்.

"துரத்துறோம்க்கா" என்றார், தரையைப் பார்த்து. "உங்க மேல தப்பில்ல, நாங்கதான் துரத்துறோம்னு சொல்லுங்க."

அக்கா தலையாட்டினார்.

"இப்படிச் சொல்லியிருந்தா இத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாங்க, இல்ல சார்?"

சர்க்கரை போதுமா என்று கேட்கும் அதே குரல்.

அக்கா போனதும் படிவத்தை இழுத்தார். 'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. துரத்துகிறோம் என்றே எழுதிவிட்டார். வராந்தாவில் மேலதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக வேறு படிவம் எடுத்து, 'சொந்த விருப்பம்' என்று நிரப்பி, அக்காவை மறுபடி கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மேஜையிலிருந்த டீயை அவர் தொடவே இல்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். குடித்தார்.