மிதிப்பலகை

"தறிப் பலகைய எத்துனு போயி கக்கூஸ்ல வச்சிகீறியே, உனக்கு புத்தி கீதாடி?"

"மெதுவா பேசுங்க. பக்கத்துல கேக்குது."

"கேக்கட்டும்! சேவூரு பூரா கேக்கட்டும்! எங்கப்பன் கால் வச்சி மிதிச்ச பலக அது. போன ஆயுத பூசைக்கு பொட்டு வச்சி கற்பூரம் காட்டனேன். அத்த பீத்தொட்டி கிட்ட போட்டுகீற!"

"போடலீங்க. கால் வைக்கத்தான்…"

அறை விழுந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்த ஜாக்குலினுக்குக் கை நின்றுவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பத்து வருஷமாக அந்தச் சுவர் வழியாகத் தறிச் சத்தம் கேட்டுக் கேட்டு, அது அவள் காதில் விழுவதே இல்லை. நின்றால்தான் தெரியும். இன்று காலையில் ஏழு மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய சத்தம் ஆரம்பிக்கவே இல்லை. அதற்குப் பதிலாக இது. பக்கத்து வீட்டு நெசவாளி வேடியப்பன் கத்துகிறவன்தான், ஆனால் கை நீட்டுகிறவன் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

அந்தப் பலகையை எடுத்துக்கொள்ளச் சொன்னதே அவள்தான்.

ஜாக்குலினுக்கு வெளிக்குப் போவதில் ஒரு சங்கடம் மூத்தவன் சார்லி பிறந்ததிலிருந்து இருக்கிறது. பெரிய குழந்தை. இரண்டு நாள் வலி. கடைசியில் ஒரு நர்ஸ் கட்டில்மேல் ஏறி முழங்கையால் அவள் வயிற்றை அழுத்தினாள், கீழே இன்னொருத்தி தொடையில் அடித்து "முக்கு, முக்கு" என்று திட்டினாள். குழந்தை வந்தது. அவள் உள்ளே என்னவோ கிழிந்ததும் அவளுக்குத் தெரிந்தது, யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. சில வருஷத்தில் வெளிக்குப் போவது ஒரு சண்டையாகிவிட்டது. வரும், ஆனால் வாசலுக்கு வந்து நின்றுவிடும். முக்க முக்க முன்பக்கமாகப் பிதுங்கும். கண் இருட்டும்வரை முக்கிவிட்டு, கடைசியில் விரலை வைத்து முன்பக்கத்தைத் தாங்கிக்கொண்டால்தான் பாதியாவது போகும். இப்படிச் செய்கிற ஒரே பெண் உலகத்தில் தான்தான் என்று அவள் நினைத்திருந்தாள். மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிடும்போதெல்லாம், இதையும் சொல்ல வேண்டுமோ என்று நினைத்து நினைத்து விழுங்கியிருக்கிறாள். கணவன் அற்புதராஜுக்கும் தெரியாது. மலச்சிக்கல் என்றால் அவன் வாழைப்பழம் வாங்கி வருவான், அவ்வளவுதான்.

போன வருஷம் வேலூரில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "விரல் வச்சித் தாங்கித்தான் போறீங்களா?" என்று கேட்டார். ஜாக்குலின் அங்கேயே உடைந்து அழுதுவிட்டாள். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். குடலுக்கும் குழந்தை வரும் வழிக்கும் நடுவில் இருக்கிற சுவர் பலம் போய்விட்டது, குடல் முன்பக்கமாகப் பை மாதிரி உப்பிக்கொள்கிறது, அந்தப் பையில் போய் மலம் மாட்டிக்கொள்கிறது. "இது நெறைய பேருக்கு இருக்குதும்மா. வந்து சொல்றதில்ல. ரொம்ப முடியலன்னா ஆபரேஷன் இருக்கு. மொதல்ல முக்கறத நிறுத்துங்க. முக்க முக்க அது பெரிசாவும்." கீரை, கேழ்வரகு, கொய்யாப்பழம், ராத்திரி இசப்கோல் உமி, நாள் பூராவும் தண்ணீர். வரும்போது அடக்கக் கூடாது. வெஸ்டர்ன் கக்கூஸில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே பலகை போட்டு முழங்காலை உயர்த்தி, முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும். விரல் வைத்துத் தாங்குவது தப்பே இல்லை, நகத்தை வெட்டிக் கையைக் கழுவினால் போதும். தப்பே இல்லை என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே ஜாக்குலின் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரணிவரை அழுதுகொண்டே வந்தாள்.

வேடியப்பன் பெண்டாட்டி ஆதிலட்சுமியின் விஷயம் தெரிந்தது கொல்லையில். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். வீட்டுச் சொந்தக்காரர் தன் அம்மாவுக்காக வெஸ்டர்ன் வைத்துக் கட்டியது, தகரக் கதவு. ஒருநாள் ஆதிலட்சுமி உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்து துவைக்கிற கல்மேல் அப்படியே உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. உள்பாவாடையில் இருந்தது. ஜாக்குலின் கிட்டே போய், டாக்டர் தன்னைக் கேட்டதையே கேட்டாள். "ஆதி, விரல் வச்சித்தான் போறியா?"

ஆதிலட்சுமி பளாரென்று அவள் கன்னத்தில் அறைந்தாள். யோசித்து அறைந்தது இல்லை. பிறகு ஜாக்குலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் அவள் தோளைக் கடித்துக்கொண்டு அழுதாள். "எப்பிடிக்கா தெரியும்? எப்பிடிக்கா தெரியும் உனக்கு?" பல் பட்ட இடம் நாலு நாள் வலித்தது.

டாக்டரிடம் வா என்றால் வரவில்லை. ஒரு நாள் தறி நின்றால் அவர் கொன்றுபோடுவார் என்றாள். சரி என்று ஜாக்குலின் டாக்டர் தனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னாள். இசப்கோல் டப்பாவும் கொடுத்தாள். ஒரு வாரத்தில் ஆதிலட்சுமிக்கு முன்னைவிட மோசமாகிவிட்டது. உள்ளே கல்லாக அடைத்துக்கொண்டு, சோறு பார்த்தாலே குமட்டியது. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவள் தண்ணீரே குடிப்பதில்லை. தறியில் நீளவாக்கில் கட்டிய பட்டுப் பாவுமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கறை, அதனால் தறிப்பக்கம் சொம்பே வைப்பதில்லை. அதோடு, பெரிய கரை வைத்த புடவைக்கு வேடியப்பன் நடுவில் குறுக்கிழை நாடா ஓட்டினால், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுகிறவள் இவள். இவள் எழுந்தால் அவன் கையும் நிற்கும். எழாமல் இருக்க வேண்டும் என்றால் குடிக்காமல் இருக்க வேண்டும், வந்தாலும் அடக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். வெறும் வயிற்றில் இசப்கோல் போய் ஊறத் தண்ணீர் இல்லாமல் கட்டையாக நின்றுவிட்டது.

"அடிப்பாவி, அது தண்ணி இல்லாம போனா சிமெண்ட்டுடி" என்று ஜாக்குலின் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அன்று சிரித்தார்கள். சிரித்ததில் ஆதிலட்சுமிக்கு வலித்து, வலித்ததில் மறுபடி சிரித்தார்கள். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் ஒரு சொம்பு வெந்நீர், தறி ஏறும் முன் ஒரு சொம்பு. மதியம் கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை. பலகைக்குத்தான் வழி இல்லை. செங்கல் வழுக்கியது. அப்போது ஜாக்குலின் தறிக்குப் பின்னால் மூலையில் சாத்தியிருந்த பழைய மிதிப்பலகையைப் பார்த்தாள். கால் வைத்துத் தேய்ந்து வழவழவென்று, சரியான அளவு. "தோ, அது சும்மாதான கீது" என்றாள். ஆதிலட்சுமி தயங்கினாள். "அது தறிதுக்கா." "கட்டதானடி. கழுவி வச்சிடு." அவளுக்கு அது கட்டைதான். அந்த வீட்டில் அது சாமி என்பது அப்போது அவள் மண்டையில் ஏறவில்லை. ஆதிலட்சுமி துணி வாளிக்குள் ஒளித்துக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். ஒரு மாதமாக ரத்தம் இல்லை. இன்று எப்படியோ மறந்து வைத்துவிட்டிருக்கிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சொம்பு உருண்டது. இன்னொரு அடி. இது அறை இல்லை, கனமான சத்தம்.

ஜாக்குலின் எழுந்தாள். போனால் சொல்ல வேண்டிவரும். ஆதிலட்சுமிக்கு மட்டும் என்று சொல்ல முடியாது, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரியும். அற்புதராஜுக்கு அவன் வேலை பார்க்கிற ரைஸ்மில்லில் யாராவது சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் பக்கம் தலைகள் திரும்பும். ஊசியை முந்தானையிலேயே குத்திவிட்டு வெளியே வந்தாள்.

வேடியப்பன் கையில் பலகை. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஆதிலட்சுமி கால் விடுகிற தறிக்குழி ஓரத்தில் ஒண்டியிருந்தாள், உதடு கிழிந்திருந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, ரத்தம் பாவுமேல் சொட்டாமல் உடம்பை வெளிப்பக்கமாக வளைத்துக்கொண்டிருந்தாள். ஜாக்குலினுக்கு மற்ற எதையும்விட அந்த வளைவுதான் கோபத்தைக் கிளப்பியது.

"தம்பி, பலகைய கீழ வை."

"நீ போக்கா. இது எங்க வூட்டு விசயம்."

"நான்தான் எடுத்துக்க சொன்னேன்."

"இன்னாது?"

"நான்தான் சொன்னேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா. அடிக்கறதுன்னா என்ன அடி."

"உங்களுக்கு இன்னாக்கா தெரியும்? உங்க வூட்ல தறி கீதா? உங்களுக்கு அது வெறும் கட்ட. எங்களுக்கு சோறு போடறது. கக்கூஸ்ல எதுக்குக்கா கட்ட? சொல்லு. ஆடறதுக்கா?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். பாவு கொடுத்திருக்கிற முதலாளி வீட்டு ஆள் இராஜமாணிக்கம், புடவை எவ்வளவு ஆச்சு என்று பார்க்க வந்தவர், வண்டியைக்கூட நிறுத்தாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு தலைகள்.

ஜாக்குலின் அவர்களைப் பார்த்தாள். பிறகு அவர்களுக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"பீ எறங்கறதுக்கு. அவளுக்கு உள்ள சொவரு தளந்து போச்சி. புள்ள பெத்ததுல ஒருக்கா, உன் தறியில உக்காந்து அடக்கி அடக்கி ஒருக்கா. கால ஒசத்தி வச்சாத்தான் போவும். முக்குனா ரத்தமா வருது. எனக்கும் அதான். சார்லி பொறந்ததுலேர்ந்து விரல் வச்சித்தான் போறேன். போதுமா? இராஜமாணிக்கம் சார், உங்களுக்கு கேட்டுச்சா, இன்னும் கத்தணுமா?"

வண்டிச் சத்தம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. வேடியப்பன் முகம் ஒரு மாதிரி சுருங்கி, அப்புறம் கறுத்தது. வாசலில் நிற்கிற ஆம்பிளைகள் முன்னால் தன் பெண்டாட்டியின் அடிவயிறு பேசப்படுகிறது. அவனுக்கு அதுதான் தெரிந்தது. "வெளிய போடீ!" என்று பலகையை ஓங்கினான். யாரை நோக்கி ஓங்கினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஜாக்குலின் கையைத் தூக்கினாள். பலகை முனை அவள் மணிக்கட்டில் பட்டு, அவன் பிடி நழுவி, சுழன்று போய்ப் பாவுமேல் விழுந்தது.

பட்பட்பட் என்று இழைகள் அறுந்தன. அரக்குச் சிவப்பு இழைகள் இரண்டு பக்கமும் சுருண்டு துள்ளின. முக்கால்வாசி முடிந்த புடவை. இராஜமாணிக்கம் "அய்யய்யோ" என்றார். அடி வாங்கியபோது கத்தாத ஆதிலட்சுமி அப்போதுதான் கத்தினாள். வேடியப்பன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜாக்குலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். எலும்போ என்னவோ, விரல்கள் மடங்கவில்லை.

ஆதிலட்சுமி கத்தி முடித்துவிட்டு வயிற்றைப் பிடித்தாள். பயத்தாலோ, காலையில் குடித்த இரண்டு சொம்புத் தண்ணீராலோ தெரியாது. இருபது வருஷமாக அடக்கிப் பழகிய உடம்பு முதலில் அடக்கத்தான் பார்த்தது, முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. பிறகு அவள் ஜாக்குலினைப் பார்த்தாள்.

"அக்கா, வருது."

"வந்தா போ."

அறுந்த இழைகளுக்கு நடுவில் கையை விட்டு ஆதிலட்சுமி பலகையை எடுத்தாள். இந்த முறை வாளியில் ஒளிக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, புருஷனைத் தாண்டி, உதட்டு ரத்தத்தைத் துடைக்காமல், கொல்லைப்பக்கம் நடந்தாள்.

"அத்த வச்சிட்டுப் போடீ!"

அவன் பின்னால் ஓடினான். ஜாக்குலினும் ஓடினாள், அவனைவிட வேகமாக. தகரக் கதவு உள்ளே தாழ் போட்டதும் அவள் முதுகைக் கதவில் கொடுத்து நின்றுகொண்டாள். அவன் ஒரு உதை விட்டான். அவள் இடுப்புக்குப் பக்கத்தில் தகரம் உள்ளே நசுங்கியது. இன்னொன்று விட்டான். கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் ஜனம் சேர்ந்துவிட்டது, ஒருவரும் உள்ளே வரவில்லை.

உள்ளே சிமெண்ட் தரையில் பலகையை வைக்கிற சத்தம் கேட்டது.

"முக்காத ஆதி" என்று ஜாக்குலின் தலையைத் திருப்பாமலே கதவு இடுக்கில் சொன்னாள். "முன்னால சாஞ்சி உக்காரு. மூச்சு விடு. அவசரம் இல்ல. நான் கீறேன்."

வேடியப்பன் மூன்றாவது உதைக்குக் காலைத் தூக்கினவன், தாங்கலுக்குச் சுவரில் ஊன்றப் போன கையோடு அப்படியே நின்றான். அவன் உள்ளங்கையில் பலகை இடுக்கில் மிச்சமிருந்து கரைந்த குங்குமம் ஈரமாக ஒட்டியிருந்தது. அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அவன் கை நடுவில் நின்றது. ஜாக்குலின் வீங்கிக்கொண்டிருக்கும் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

இதைப் படித்தவர்களை ஒன்று கேட்கிறேன். கதவு திறந்து ஆதிலட்சுமி வெளியே வந்ததும், அந்தப் பலகையைக் கழுவி எங்கே வைக்க வேண்டும்? தறி மூலையிலா, அங்கேயே உள்ளேயா? உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ எழுதுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதவு இருந்தால், பெயர் போடாமலாவது ஒரு வரி பதில் போடுங்கள்.