நான்காம் பங்கேற்பாளர்

கணினிப் பாதுகாப்பை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் பாடம். பூட்டின் உறுதியை மற்ற வகுப்புகள் பார்த்துக்கொள்ளும். அதைத் தினமும் திறந்து மூடுகிறவர் படும் பாட்டை இந்த வகுப்பு பார்க்கும். பருவம் முடிவதற்குள் மாணவர்கள் ஆறு பேரை ஒவ்வொருவராகக் கணினி முன் உட்காரவைத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பெயரும் பிரிவும் வெளியே போகாது என்று ஆசிரியை கையெழுத்திட்ட தாள் ஆளுக்கொன்று தரப்படும்.

இந்த முறை சோதித்தது பல்கலைக்கழகத்தின் புதிய நுழைவுத் திரையை. நான்காவதாக வந்தவர் தேர்வுப் பிரிவு எழுத்தர். ஒப்பந்த ஊழியர்; ஆண்டுதோறும் வரும் பணி நீட்டிப்பு ஆணை அடுத்த மாதம் வரவேண்டும்.

"பாஸ்வேர்டுக்குப் பன்னெண்டு எழுத்துன்னா நான் எங்க போவேன்? என் பேரே நாலெழுத்து," என்றார். பதிவு செய்துகொண்டிருந்த மாணவி சிரித்தாள்.

"சிரிக்காதம்மா. மூணு தடவை தப்பாப் போட்டா ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கும். ஜன்னல்ல நூறு பிள்ளைங்க நிப்பாங்க. அதான் எங்க செக்‌ஷன்ல பதினோரு பேரும் என் பாஸ்வேர்டுலதான் உள்ள போறோம். சுவத்துல காலண்டர்ல எழுதியிருக்கு."

மாணவி இதையும் பெயரில்லாமல் சேர்த்து வகுப்பில் அறிக்கை வாசித்த நாளில் கணினிப் பிரிவுத் தலைவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரை அவருடைய பிரிவு செய்தது. எல்லோரும் போனபின் ஆசிரியையிடம் வந்தார்.

"அந்த நாலாவது ஆள் எந்தப் பிரிவு, மேடம்?"

"சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்."

"நாளைக்கு அந்தப் பாஸ்வேர்டுல ஒரு தப்பு நடந்தா, உங்க கையெழுத்து வந்து பதில் சொல்லுமா?"

நியாயமான கேள்விதான். ஆசிரியை அறிக்கையை மடித்துப் பையில் வைத்தார்.

"சரி, சொல்ல வேண்டாம். ரெக்கார்டிங்லாம் எங்க டிரைவ்லதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். மிரட்டலா, தகவலா என்பது குரலில் தெரியவில்லை.

பல்கலைக்கழகம் எல்லோருக்கும் கொடுத்திருந்த பொதுச் சேமிப்பிடம் அது. சாவி யார் கையில் என்று முதலில் பாருங்கள் என்று பன்னிரண்டு வாரம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையே, வசதியாக இருந்ததால் பதிவுகளை அங்கே வைத்திருந்தார். உடனே அழித்தார். அழித்தவை முப்பது நாள் கணினிப் பிரிவின் பொறுப்பில் இருக்கும் என்றது திரை.

"ஊருக்குத்தான் உபதேசமா மேடம்?" என்றாள், விஷயம் தெரிந்த மாணவி.

"ஆமா," என்றார் ஆசிரியை.

மதிய இடைவேளையில் தேர்வுப் பிரிவுக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

"அழிச்சிட்டீங்கல்ல?" என்று கேட்டார் எழுத்தர்.

"என் பக்கம் அழிச்சேன். அவங்க பக்கம் ஒரு மாசம் இருக்கும். தப்பு என்னோடது."

"அவர் அதைப் போட்டுக் கேட்டுட்டாரா?"

"தெரியாது."

எழுத்தர் கோப்பை மூடி வைத்தார். "ஆணை வர்ற நேரமாப் பாத்துதான் இதெல்லாம் வரும். ஒரு மாசம் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்க என்னால ஆகாது. அவரா கண்டுபிடிச்சா அது என் திருட்டு. நானாப் போய்ச் சொன்னா அது புகார். வாங்க."

தலைவர் அறையில் எழுத்தர் உட்காரவில்லை. "சார், அந்த நாலாவது ஆள் நான்தான். எக்ஸாம் செக்‌ஷன்."

தலைவர் நிமிர்ந்தார். "நான் அந்த ரெக்கார்டிங்கைத் தொடக்கூட இல்லையேம்மா."

எழுத்தர் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை தரையைப் பார்த்தார்.

"பரவால்ல, இப்ப நேராவே கேட்டுக்குங்க," என்றார் எழுத்தர். "போன மாசம், ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டப்ப, ஒரே நாள்ல ஒன்பது பேர் பூட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். உங்களுக்கு போன் அடிச்சோம், எடுக்கல. ஜன்னல்ல நின்ன பிள்ளைங்க எடுத்தாங்க, எங்க மானத்த."

"அதுக்காக ஒருத்தர் பாஸ்வேர்டைப் பதினோரு பேர் போடுறதா? எல்லாப் பழியும் உங்க தலையிலதான் விழும், தெரியுமா?"

"தெரியும் சார். அதனாலதான் யாரும் அவங்க பாஸ்வேர்டைத் தரல."

தலைவர் ஒரு தாளை இழுத்து எதையோ குறித்துக்கொண்டார். காலண்டரைக் கழற்றச் சொன்னார். அன்றே கழற்றினார்கள்.

இரண்டு வாரத்தில், பூட்டிக்கொள்ளும் நேரம் ஒரு நாளிலிருந்து பத்து நிமிடமாகக் குறைந்தது. அடுத்த மாதம் எழுத்தருக்கு ஆணை வந்தது, ஓராண்டுக்குப் பதில் ஆறு மாதத்துக்கு. காரணம் எதுவும் அதில் எழுதப்படவில்லை.