பதினாலே முக்கால் நாள் பகல்

புதுப்பட்டினத்தில் கிஃபாயத்துல்லா வீட்டுக் காம்பவுண்டுக்குள் ரமலான் முதல் நோன்பன்று சூரியன் மறையவில்லை. ஊரில் வழக்கம்போல் ஆறு இருபதுக்கு மறைந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கல்பாக்கத்து ஊழியர் பஸ்கள் ஹெட்லைட் போட்டுக்கொண்டு போயின. அந்த வீட்டின் நான்கு சுவர்களுக்குள் மட்டும் காலை ஆறரை மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றவர்களுக்கு உள்ளே இருந்த காலுக்கு மட்டும் நிழல் விழுந்தது.

அடுத்த தெரு உலகநாதன், அணுமின் நிலையத்தில் முப்பது வருஷம் கருவிகள் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர், சைக்கிளில் வந்து முற்றத்து மணலில் ஒரு குச்சியை நட்டு ஒரு மணி நேரம் நிழலை அளந்தார். பிறகு பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார்: "நிலாவோட பகல் உங்க வூட்டுக்கு வந்துட்டுதும்மா. அங்க ஒரு பகல் பதினாலே முக்கா நாளு. அப்புறம் ராத்திரி, அதுவும் அவ்ளோதான்." கிஃபாயத்துல்லாவின் மனைவி ஹபீபா கேட்டாள்: "அப்ப இந்த நோன்ப எப்பத் தொறக்கிறது?" அதற்குத் தன்னிடம் கருவி இல்லை என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார்.

வேறு யாருக்கு இது நடந்திருந்தாலும் ஒரு மாலையில் தீர்ந்திருக்கும். ஹபீபா கண்ணால் பார்த்ததைத்தான் ஏற்பாள். பிறையைப் பார்த்து நோன்பு வைப்பாள், பிறையைப் பார்த்துப் பெருநாள் கொண்டாடுவாள். சந்தில் இருப்பவை இரண்டே வீடுகள். எதிர்வீட்டில் இருந்த கிஃபாயத்துல்லாவின் தங்கை அஃப்ஸானா குடும்பம் கணக்கிட்டு அச்சடித்த காலண்டரைப் பின்பற்றியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலண்டர்படி பெருநாள் ஒரு நாள் முந்தி வந்தது. அஃப்ஸானா பகல் பதினோரு மணிக்கு ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொண்டுவந்து வைத்தாள். ஹபீபாவுக்கு அன்று முப்பதாம் நோன்பு. அவள் மூடியைத் திறக்காமல் தூக்கைக் கேட்டுக்கு வெளியே வைத்தாள். நாய் அதை உருட்டித் தின்றதை அஃப்ஸானா தன் ஜன்னலிலிருந்து பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பேச்சும் போகவில்லை, ஒரு கிண்ணமும் போகவில்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து, மார்க்கத்தில் இதற்கெல்லாம் இளக்கம் இருக்கிறது, சூரியன் மறையாத இடத்தில் பக்கத்து இடத்தின் நேரத்தைப் பார்த்துத் திறக்கலாம் என்று நிதானமாகச் சொன்னார். பக்கத்து இடம் என்பது அஃப்ஸானாவின் வீடு. "அவ வூட்டு நேரத்துக்கு என் வாய் தொறக்காது ஹஜ்ரத்" என்றாள் ஹபீபா. கேட்டைத் தாண்டி நாலடி வைத்தால் இருட்டு இருக்கிறதே, அங்கே நின்று குடி என்றான் கணவன். அஃப்ஸானாவின் வாசலில் நின்று நான் கஞ்சி குடிக்க வேண்டுமா என்று கேட்டாள். செங்கல்பட்டில் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றதற்கு, இந்த வீட்டில் பிடித்த நோன்பு இந்த வீட்டில்தான் முடியும் என்றாள். கிஃபாயத்துல்லா பள்ளிவாசலில் நோன்பு திறந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெயிலுக்குள் திரும்பி வந்தான்.

இரண்டாம் நாளும் அப்படியே போனது. அவளுக்குச் சிறுநீரகக் கல் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தண்ணீரைக் குறைத்தால் அடுத்த முறை கல்லோடு நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் காலையிலிருந்து அவள் குளியலறைப் பக்கமே போகவில்லை என்பதைக் கிஃபாயத்துல்லா கவனித்தான். மத்தியானம் ஆட்டோ கூட்டி வந்தான். அவள் ஏறவில்லை. உதடு வெடித்திருந்தது. பேசும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. நிழல்படி அப்போது அந்த வீட்டில் காலை மணி எட்டு. மறைவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு அஃப்ஸானா கேட்டைத் திறந்தாள். கையில் நோன்புக் கஞ்சித் தூக்கு, காகிதத்தில் சுற்றிய பேரீச்சம்பழம். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஏழு வருஷமாகச் சர்க்கரை. நோன்பே வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள். வைத்தால் பாங்கு சொன்ன நிமிஷம் சாப்பிட்டாக வேண்டும். பாங்கு சொன்னார்கள். அவள் தூக்கைத் தொடவில்லை.

"தொற. உனக்குக் கணக்குதான கீது" என்றாள் ஹபீபா. இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் வார்த்தை.

"கணக்கு எங்க வூட்டுல, அண்ணி. இது உன் வூடு. இங்க சூரியன் நின்னுகினு கீது, என் கண்ணுக்கும் தெரியுது. நீ தொறக்கறப்ப நான் தொறக்கறேன்."

"பன்னெண்டு நாளாவும்."

"ஆவட்டும். எனக்கு வூட்டுல இன்னா வேல."

ஆறே முக்கால் ஆனது. கிஃபாயத்துல்லா கேட்டில் நின்றான், முதுகுப் பக்கம் இருட்டும் முகத்தில் வெயிலுமாக. யாரைக் கெஞ்சுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏழு மணிக்கு அஃப்ஸானாவின் மேலுதட்டில் வேர்வை நின்றது. ஏழு பத்துக்கு அவள் கை தூக்கின் மூடியில் தானாக ஆடி டக்டக்கென்று சத்தம் போட்டது. ஹபீபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஏழு இருபதுக்கு அஃப்ஸானா அந்தத் தூக்கைப் பார்த்து, இது யாருடையது, எங்கள் வீட்டுத் தூக்கு மாதிரியே இருக்கிறதே என்றாள். பிறகு கல்லிலிருந்து மணலில் சரிந்தாள்.

மூன்று நாள் தண்ணீர் குடிக்காத ஹபீபா எழுந்தாள். "சாவறதுக்கு வேற வூடு கெடைக்கலியா உனக்கு" என்று நாத்தனாரின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். கிஃபாயத்துல்லா தொடவந்தபோது, நீ தள்ளு என்றாள். மணலில் இரண்டு கோடு விழ இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். வெளியே நட்சத்திரம் இருந்தது, அவள் நிமிர்ந்து அதைக் கண்ணால் பார்த்தாள். சந்துத் தரையில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தைப் பிட்டு அஃப்ஸானாவின் வாயில் திணிக்கப் போனாள். அஃப்ஸானா பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ மொதல்ல" என்றாள். ஹபீபா ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்காரர்களும் சந்தில் பாய் விரித்துத்தான் நோன்பு திறந்தார்கள். ஊர்ப் பெண்கள் இரவு எட்டு மணிக்குத் தொழுகைக்கு முன்னால் அந்த முற்றத்தில் மிளகாய் காயவைத்துவிட்டுப் போனார்கள். நிலாவில் காற்று வீசாது, விழுந்த தடம் அழியாது என்று உலகநாதன் சொன்னது சரிதான். அஃப்ஸானாவின் குதிகால் இழுபட்ட இரண்டு கோடும் எவ்வளவு கூட்டியும் அழியவில்லை.

பதினைந்தாம் நோன்பன்று அங்கே சூரியன் மறைந்து ராத்திரி தொடங்கியது. துவைகல்லில் உறைபனி படிந்தது. கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர் பட்டப்பகலில் டார்ச் அடித்துக் குறித்துக்கொண்டு போனார். கண்ணை நம்பினால் எந்நேரமும் சாப்பிடக்கூடிய அந்த இருட்டில் ஹபீபா நோன்பு நேரத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹர் நேரம் முடிந்ததா என்று கேட்டைத் திறந்து சந்தைப் பார்த்துக்கொண்டாள். இருபத்தொன்பதாம் மாலை சந்தில் நின்று பிறை தேடினாள், தெரியவில்லை. முற்றத்துக்குத் திரும்பினால் அஃப்ஸானாவின் தண்ணீர் டேங்குக்கு மேலே, நிலாவைப்போல் நாலு மடங்கு அகலத்தில், நீலமாகப் பூமி முழுசாக நின்றது. அது அங்கிருந்து நகரவே நகராது என்று உலகநாதன் முன்பே சொல்லியிருந்தார்.

மறுநாள் அஃப்ஸானா வீட்டில் பெருநாள், ஹபீபாவுக்கு முப்பதாம் நோன்பு. பகல் பதினோரு மணிக்கு அஃப்ஸானா பிரியாணித் தூக்கோடு கேட்டில் வந்து நின்றாள்.

"உனக்கு இன்னும் ஒரு நோன்பு கீதுன்னு தெரியும் அண்ணி. வெளிய வெச்சிடு, கெடாது."

"நாய் வருமே."

"உன் ராத்திரில எந்த நாய் வரும். வெறச்சிப் பூடும்."

ஹபீபா அதை உறைபனி மேல் வைத்தாள். மாலை ஆறு இருபதுக்கு ஊரில் சூரியன் விழுந்தது. அதே நிமிஷம் அவள் வீட்டுக் கிழக்குச் சுவருக்கு மேல் சூரியன் எழுந்தது. தூக்கு மூடியில் பனி உருகி வழிந்தது. பாங்கு கேட்டது. ஹபீபா உதிக்கிற சூரியனைப் பார்த்தபடி துவைகல்லில் உட்கார்ந்து நோன்பைத் திறந்து, மூடியைத் திறந்து, ஜில்லென்றிருந்த பிரியாணியைச் சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் கம்மி என்று எதிர்வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள்.