கொலைகாரன் இல்லாத பிரதி

விமானம் மேகத்துக்கு மேலே ஏறியதும் அக்கா அந்தத் துப்பறியும் நாவலைப் பிரித்தாள். தரையிறங்குவதற்குள் கொலைகாரன் யாரென்று தெரிந்தாக வேண்டும். மருத்துவமனையில் தம்பி காத்துக்கொண்டிருக்கிறான்.

அவன் பாதி படித்திருந்தபோது நோய் கண்ணைப் பறித்துக்கொண்டது. மிச்சத்தை வாசித்துக்காட்ட அவன் மனைவி முன்வந்தாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கொலைக்கதையை இன்னொருவர் சொல்வதென்றால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அக்கா வாயால்தான் கேட்க வேண்டும்.

"நீ படிச்சிட்டு வந்து சொல்லுக்கா. யாருன்னு தெரியாம நான் போகமாட்டேன்" என்று போனில் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

புத்தகம் கட்டும் பட்டறையில் அவளுக்கு வேலை. அந்த நாவலும் அங்கே கட்டியதுதான். கிளம்பிய அவசரத்தில் மேசையோரம் கிடந்த ஒரு பிரதியைப் பையில் திணித்துக்கொண்டு ஓடிவந்திருந்தாள்.

துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார். கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறான் என்றார். அக்கா பக்கத்தைத் திருப்பினாள். கிணற்றில் மறுபடியும் அதே பிணம் மிதந்தது.

கடைசிப் பதினாறு பக்கங்கள் இருக்கவேண்டிய இடத்தில் முதல் பதினாறு பக்கங்களையே இன்னொரு முறை கோத்திருந்தார்கள். தப்பாகக் கட்டியதென்று ஒதுக்கிய பிரதி. அதைத் தனியே எடுத்து மேசையோரம் வைத்தவளும் அவளேதான்.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? கதை அவ்வளவு பயங்கரமா?"

"முடிவு இல்லைங்க இதுல. நீங்க படிச்சிருக்கீங்களா?"

"நானா? கல்யாணப் பத்திரிகையையே முழுசாப் படிக்கமாட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே ஒரு கொலைகாரனைத் தேட ஆரம்பித்தாள். கதையில் வரும் டாக்டர் என்றால் தம்பி நம்பமாட்டான். விதவை மேல் பழி போட மனசு வரவில்லை. கடைசியில் பழியைத் தோட்டக்காரன் தலையில் கட்டினாள். காரணம், கயிறு, பொய்ச்சாட்சி எல்லாம் ஒட்டவைத்தாள். எந்த இடத்தில் நிறுத்தினால் "சொல்லுக்கா" என்று கெஞ்சுவான் என்பதுகூட முடிவாகியிருந்தது.

வார்டு வாசலில் தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்துலேருந்து சரியாப் பேச்சே இல்ல அண்ணி."

கட்டிலில் அவன் பாதி உடம்பாகக் கிடந்தான். அக்கா காதருகே குனிந்தாள்.

"டேய், படிச்சு முடிச்சிட்டேன்டா. யாருன்னு சொல்லட்டுமா?"

அவன் உதடு அசைய நேரமாயிற்று.

"வலிக்குதுக்கா."

"அந்தத் தோட்டக்காரன் இருக்கான்ல..."

"வலிக்குதுக்கா."

அவள் நிறுத்திக்கொண்டாள். அவன் கெஞ்சவில்லை. நர்ஸ் ஈரப் பஞ்சை நீட்டினாள். அக்கா அதை வாங்கி, வெடித்திருந்த அந்த உதட்டை மெல்ல ஒற்றத் தொடங்கினாள்.