கழுத்துக் கறுப்பு

வள்ளி கும்மி அரங்கேற்றத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து வாத்தியார் ஐயாசாமி, கனிஷ்காவின் அம்மா பொற்கொடியைத் தனியே கூப்பிட்டார்.

"ஏனுங் அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. புள்ள கழுத்துல கறுப்பு ஏறிக்கிட்டே போவுது. ஒட்டுவாரொட்டியா இருந்தா மத்த புள்ளைங்களுக்கும் வந்துருமுங்க. டாக்டர் சரின்னா ஆடட்டுமுங்க."

எத்தனை 'ங்க' போட்டுச் சொன்னால் என்ன, பொற்கொடிக்குச் சுட்டது சுட்டதுதான். சோறு தின்னும்போதும் காலால் தாளம் தட்டும் பிள்ளையை எப்படி ஓரமாக உட்கார வைப்பது?

அவள் பார்க்காத வைத்தியமா? கோடையில் கழுத்தில் வேர்க்குரு வந்தபோதே, "தேச்சாப் பரவிப்போடும்" என்று சோப்பையும் துண்டையும் அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. தண்ணீரை மட்டும் ஊற்றித் தேங்காய் எண்ணெய் தடவினாள். வேர்க்குரு போய்க் கறுப்பு வந்தது. அதற்கும் எண்ணெய்தான். பிறகு பயந்துபோய்ச் சோப்புப் போட்டால் கறுப்பு அசைந்தே கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள், "சக்கரை நோயாட்ட இருக்குது" என்று கிளப்பிவிட்டாள். சோதித்துப் பார்த்தால் அதுவும் இல்லை.

மறுநாளே தொண்டாமுத்தூரிலிருந்து பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போனார்கள். தோல் டாக்டர் மதிவதனி லென்ஸ் வைத்துக் கழுத்தைப் பார்த்தார், விரலால் தடவினார், பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்தார். வாசனை வந்ததுமே கனிஷ்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பொற்கொடியும்தான்.

"இன்னும் ஊசி குத்தலீங்களா?" என்றாள் கனிஷ்கா.

"ஊசியே இல்ல கண்ணு. முடிஞ்சுபோச்சு."

பஞ்சு கரியாக இருந்தது. கழுத்து பளிச்சென்று இருந்தது.

பொற்கொடிக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. "அப்ப அழுக்குங்களா டாக்டர்? எம்புள்ளைய நானு அழுக்கா வெச்சிருந்தனுங்களா?" என்று கேட்டவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழுக்கில்லீங்க. உதிர வேண்டிய தோலு உதிராம, எண்ணெயோட சேந்து பொருக்காட்ட ஒட்டிக்குச்சு. எப்பவாவது ஒருத்தருக்குத்தான் இப்படி வரும். சோப்புக்குப் போகாது, ஸ்பிரிட்டுக்குப் போயிரும். யாருக்கும் ஒட்டாதுங்க. பரவிருமேன்னு நீங்க தேய்க்காமயே உட்டுட்டீங்க, பாசம் கொஞ்சம் சாஸ்தியாப் போச்சு. இனி எண்ணெய உட்டுப்போட்டுத் துண்டால மெதுவாத் தேச்சு உடுங்க."

பொற்கொடி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஞாயிறு சாயங்காலம் கொண்டை போட்டு, கழுத்து தெரிய, முன்வரிசையில் நின்றாள் கனிஷ்கா. நிறுத்தியது வாத்தியாரேதான். பறை முழங்கியதும் அந்தப் பிள்ளை குதித்த குதியில் சுப்பாத்தாளே வாயைப் பிளந்தாள்.

"ஏம் பொற்கொடி, ஊரு கண்ணே உம்புள்ள மேலதான். ஓடிப்போயிக் கழுத்துல ஒரு கறுப்புப் பொட்டு வெச்சு உடு."

"ஐயோ, கறுப்பே வேண்டாமுங்கக்கா!" என்று பொற்கொடி போட்ட கூச்சலில், ஆடிக்கொண்டிருந்த முன்வரிசை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.