பதினெட்டு ஊருக்கும் சேதி

தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். அதன்மேல் ஒரு வெள்ளைத் தாள். ஊர்த் தலைவர் காத்தான் அதைச் சிங்காரவேலுவின் முன்னால் நகர்த்திவிட்டுப் பேனாவைத் திறந்தார். கூட வந்த பஞ்சாயத்தார் நாலு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கொடுத்த காப்பியை ஒருத்தரும் தொடவில்லை.

"ஒரு கையெழுத்து மாமா. அதோட முடிஞ்சுது."

"என்ன எழுதியிருக்கு?"

"டாக்டரு மேல குடுத்த மனுவத் திரும்ப வாங்கிக்கிறோம்னு. வேற என்னத்த எழுதப்போறோம்?"

சிங்காரவேலுவுக்குத் தன் பேரை எழுதத் தெரியும். அடுத்தவன் எழுதியதைப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு காரணத்தாலேயே அறுபத்தெட்டு வயதுவரை எவனையும் நம்பாமல் பிழைத்த மனுசன். உள்பக்கம் பார்த்து, "பிரதீபா, இதக் கொஞ்சம் படிம்மா" என்றார்.

மருமகள் வந்தாள். ஏழு மாதத்துக்கு முன் டாக்டர் அரவிந்தனின் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போனவள். வயிற்றைக் கிழித்த டாக்டர், இன்னொரு ஆஸ்பத்திரியில் அவசரம் என்று பாதியில் நர்சிடம் விட்டுவிட்டு ஓடினான். பிள்ளை போயிற்று. கர்ப்பப்பையையும் எடுத்தாயிற்று. புருஷன் ஜெகன் சிங்கப்பூரில் இருந்து போனில் அழுததோடு சரி.

அவள் தாளை எடுத்து நிதானமாகப் படித்தாள். "'டாக்டர் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. எங்கள் மருமகளின் கவனக்குறைவால்தான் குழந்தை இறந்தது.' என்னோட கவனக்குறைவாம், மாமா."

"வேற ஒண்ணும் எழுதலேன்னியே காத்தான்."

காத்தான் மீசையைத் தடவினார். "அரவிந்தன் நம்ம சனத்துல மொத டாக்டரு. கருவாட்டுக்காரி மவன். ஊரே வரி போட்டுப் படிக்க வெச்ச புள்ள. அவன் போர்ட நாமளே எறக்கலாமா?"

"என் படகுலேருந்தும்தான் வரி போச்சு. படிக்கத்தான் குடுத்தேன். பாதி வயித்துல விட்டுட்டு ஓடறதுக்குக் குடுக்கல."

இது முதல் தடவை என்றால்கூடச் சிங்காரவேலு தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பார். பிரதீபாதான் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். அரவிந்தன் முன்னால் வேலை பார்த்த பக்கத்து மாநிலத்து மருத்துவக் கவுன்சில் வெளியிட்ட பட்டியலில் அவன் பேர், பதிவு எண், போட்டோ எல்லாம் இருந்தது. அங்கேயும் இதே மாதிரி ஒருத்தியைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவள் செத்தே போனாள். இரண்டு வருஷம் வைத்தியம் பார்க்கக்கூடாதென்று தீர்ப்பு. இங்கே தனியாக ஒரு பதிவு வைத்திருந்ததால், அடுத்த மாசமே வந்து போர்டு மாட்டிவிட்டான். சென்னையில் இருக்கும் நம் மாநிலக் கவுன்சிலுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, "அது அந்த மாநிலத்துத் தீர்ப்பு. இங்க நடவடிக்கை எடுக்கணும்னா இங்க தனியா விசாரிக்கணும்" என்றார்கள். அதற்காகப் போட்ட மனுவுக்குத்தான் நாளைக்குப் பதினொரு மணிக்குச் சென்னையில் விசாரணை. பிரதீபா நேரில் போய்ச் சொல்லவில்லை என்றால் மனு தள்ளுபடி.

"அது வேற ஊரு, வேற பாஷை," என்றார் காத்தான். "நம்மாளுன்னா அவங்களுக்கு எளக்காரம். அங்க தள்ளி வெச்சா இங்க செல்லுமா?"

"செல்லாது. அத நம்பித்தானே இங்க வந்தான்," என்றார் சிங்காரவேலு.

"பேசிக்கிட்டே போவாதீங்க. கையெழுத்து இல்லேன்னா உங்க வீட்ட ஊர விட்டுத் தள்ளி வெக்கிறதா நேத்தே முடிவாயிடுச்சு. படகு தள்ள ஆளு வராது. ஐஸ் கெடைக்காது. உங்க மீன எந்த ஏலத்துலயும் எடுக்க மாட்டாங்க. சுத்துப்பட்டு மீன்பிடி ஊரு பதினெட்டுக்கும் இதான் கட்டு."

அடுப்படி வாசலில் நின்ற எல்லையம்மாள் புருஷனைப் பார்த்துக் கும்பிட்டாள். "போட்டுத் தொலைங்களேன். போன புள்ள திரும்பியா வரப்போவுது?"

பிரதீபா மாமியாரிடமிருந்து முகத்தைத் திருப்பினாள். காத்தானிடம் கேட்டாள். "அண்ணே, உங்க மவ சந்திரலேகாவுக்கு ஏழாம் மாசமாச்சே. எங்க காட்டறீங்க?"

தகப்பன்காரர் ஆறிப்போன காப்பியைப் பார்த்தார்.

"தஞ்சாவூர்ல," என்றார் சுவரோரம் இருந்த ஒருத்தர், வாய் தவறி.

"ஏன் அண்ணே, அவ்வளவு தூரம்? நம்ம புள்ளதான் பக்கத்துலயே போர்டு வெச்சிருக்கே."

சிங்காரவேலு தாளை நாலாக மடித்து வெற்றிலை மேல் வைத்தார். தாம்பாளத்தைக் காத்தான் பக்கம் திருப்பித் தள்ளினார். "எடுத்துக்கிட்டுப் போ."

வாசலில் நின்று காத்தான் உரக்கவே சொல்லிவிட்டுப் போனார். இன்றிலிருந்து ஊருக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்போது காலை மணி ஒன்பது.

சிங்காரவேலுவும் பிரதீபாவும் பையை எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார்கள். கை காட்டியும் ஆட்டோ நிற்கவில்லை. நடந்தே ரோட்டுக்கு வந்து, பஸ் பிடித்து, அதிராம்பட்டினத்தில் இறங்கினார்கள். இருபது வருஷமாக அவர் மீனை எடுக்கும் வியாபாரி சித்தீக், கடைக்குள் இருந்து பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி எழுந்து வந்தார்.

"கோச்சுக்காதீங்கண்ணே. இனிமே உங்க மீன எடுத்தா எனக்கு எந்த ஊர்லயும் மீன் குடுக்க மாட்டாங்களாம். வாட்ஸப்புல வந்துருக்கு."

"எப்ப வந்துச்சு?"

"ஒம்போது அஞ்சு இருக்கும்."

பிரதீபா அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். சிங்காரவேலுவின் படம், வீட்டு அடையாளம், படகு நம்பர், கீழே பதினெட்டு ஊரின் பெயர்களும்.

"படகு நம்பர் சரியா போட்டுருக்கானா?" என்றார் சிங்காரவேலு.

"சரியாத்தான் இருக்கு மாமா."

"அப்படியே உன் போன்ல வாங்கி வெச்சுக்க. நாளைக்கு அங்க காட்டணும். ஒருத்தனத் தள்ளி வெச்சா அஞ்சு நிமிசத்துல எல்லா ஊருலயும் எப்படிச் செல்லுதுன்னு, பெரிய படிப்பு படிச்சவங்களும் பாத்துக்கட்டும்."