கரையில் இறக்கிய பாய்

பாரசீகரை எதிர்க்கக் கிரேக்கர்களின் கப்பல்கள் லாதே தீவில் கூடியிருந்தன. பாரசீகக் கப்பல்கள் நெருங்கிவிட்டன என்று செய்தி வந்தபோது தெல்லிஸின் ஆட்கள் கப்பல் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சண்டைக்குப் போகிற கப்பலில் பெரிய பாய் இருக்கக் கூடாது, துடுப்பு மட்டும்தான். பாயும் பாய்மரமும் கரையில் கிடக்கும். உயிரோடு திரும்புகிறவன் எடுத்துக்கொள்வான்.

தெல்லிஸ் கியோஸ் தீவுக்காரன், சுக்கான் பிடிப்பவன். அவன் தங்கையைக் கட்டிய பிதெர்மோஸ், சாமோஸ் தீவுக் கப்பல் ஒன்றின் தலைவன். அன்று தெல்லிஸின் கப்பலுக்கு வலப்பக்கக் காவல் அவன்தான்.

பிதெர்மோஸே வந்து பாயின் ஒரு முனையைத் தோளில் வாங்கிக்கொண்டான்.

"என்ன மச்சான், உள்ள கல்லு கட்டி வச்சிருக்கியா?"

"நீ ஏன் மாப்ள தூக்குற? ஆளுங்க இருக்காங்கள்ல."

"எங்கண்ணனுக்கு என்ன ஒத்தாசை செஞ்சேன்னு உன் தங்கச்சி கேப்பாளே."

பாயை மணலில் போட்டார்கள். பிதெர்மோஸின் கப்பலில் பாய்மரம் இன்னும் நின்றது.

"உன்னுது?"

"பாய் கிழிஞ்சிருக்கு. தச்சதும் மரத்தோட சேத்து இறக்கிடுவோம்."

கப்பல்கள் கிளம்பின. கீழ்த்தட்டில் ஏணியருகே உட்கார்ந்து துடுப்புப் போடும் கோரியோஸ் ஏணியில் ஏறி வெளியே எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, உங்க மாப்ள மரத்த இறக்கவே இல்ல. சண்டைக்கு வர்றாரா, சந்தைக்குப் போறாரா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"வாய மூடிட்டு இழு. அவன் எங்க வீட்டு ஆளு" என்றான் தெல்லிஸ்.

கீழே துடுப்புப் போடுகிறவர்களுக்குக் கடல் தெரியாது. சுக்கான்காரன் சொல்வதுதான் அவர்களுக்குக் கடல்.

எதிரிக் கப்பல்களின் முன்னே நீண்ட, இடிப்பதற்கான வெண்கல மூக்குகள் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், வலப்பக்கம் துணி படபடத்தது. சாமோஸ் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பாய் விரித்து ஊர்ப்பக்கம் திரும்பின. பிதெர்மோஸ் தானே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். பாயில் ஒரு தையல்கூட இல்லை. ஒருமுறை நிமிர்ந்து தெல்லிஸைப் பார்த்தான். பிறகு கயிற்றைப் பார்த்தான்.

பாய் தூக்கும்போதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தோள் கொடுத்திருக்கிறான். ஒரு வார்த்தை காதில் போட்டிருக்கலாம். இப்போது பாயில்லாமல் ஓடவும் முடியாது.

"அண்ணே, வலப்பக்கம் அவங்க இருக்காங்கள்ல?" கோரியோஸ் கீழிருந்து கேட்டான்.

இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். பயமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் இழுப்பார்கள். தெல்லிஸின் வாய் வரைக்கும் வந்தது.

"இல்லடா. போயிட்டானுங்க."

"உங்க மாப்ளயுமா?"

"அவனுந்தான்."

துடுப்புகள் நின்றன. யாரோ பிதெர்மோஸின் தாயை இழுத்துத் திட்டினான். தெல்லிஸ் தடுக்கவில்லை. காலியான இடத்துக்குள் ஒரு பாரசீகக் கப்பல் வேகமாக நுழைந்துகொண்டிருந்தது.

"வலப்பக்கம் ஒரு கப்பல் நுழையுது. திருப்பி இடிக்கப் போறேன். சேந்து இழுங்கடா."

முதலில் கோரியோஸின் துடுப்பு தண்ணீரில் விழுந்தது. மற்றவையும் விழுந்தன.